சரியாகச் சொன்னவள்

என் மாமனார் ஒச்சப்பன் மேடை ஏறினால் முதலில் தொண்டையைச் செருமுவார், அடுத்து பஸ் கதையைச் சொல்வார். தாயகம் திரும்பியோர் சம உரிமைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். போர்ட் பிளேரில் சிலோனிலிருந்து வந்த தமிழர்கள் எங்கே கூடினாலும், அது கல்யாணமோ கருமாதியோ, அந்தக் கதை முடியாமல் பந்தி போடமாட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போய்வந்த மாதிரி ஆகிவிட்டது.

கதை இதுதான். எண்பத்து மூன்று கலவரம். இரத்தினபுரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாமாவும் அவருடைய அண்ணன் முனியாண்டியும் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்ததும் இரண்டு பேரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். வழியில் ஒரு கும்பல் பஸ்ஸை மறித்தது. ஒருவன் கையில் ஒரு வாளி. அதை ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டி, இதற்கு என்ன பேர் என்று கேட்டுக்கொண்டே வந்தான். சிங்களத்தில் அது பால்திய. சிங்களவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். தமிழன் வாளி என்பான், அல்லது பயத்தில் இரண்டையும் கலந்து வால்திய என்பான். பெரிய மாமா வாளி என்று சொன்னார். இறக்கிவிட்டார்கள். என் மாமனார் தோட்டத்தை ஒட்டிய சிங்களக் கிராமத்துப் பையன்களோடு ஆற்றில் குளித்து வளர்ந்தவர். சுத்தமாகச் சொன்னார், தோளில் தட்டி விட்டுவிட்டார்கள். பஸ் நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியாக அண்ணன் மேல் பெட்ரோல் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்த ஒரு சொல்லை நான் சரியாச் சொன்னேன், அதனால இன்னிக்கி உங்க முன்னால நிக்கிறேன்" என்று முடிப்பார். கூட்டம் மூக்கைச் சிந்தும். எனக்கும் முதல் தடவை அழுகை வந்தது. ஐந்தாவது தடவைக்குப் பிறகு வரவில்லை, அது என் குற்றமில்லை.

அடுத்த வருஷமே அவர் இந்தியா வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மகன்கள் இருவரும் அங்கேதான் பிறந்தார்கள். பெரியவர் யோகராஜ் என் புருஷன், சின்னவன் ரவிக்குமார். சுனாமி கச்சாலைத் துடைத்தபோது என் மாமியார் ஒச்சம்மாவும் அதோடு போனார். மிஞ்சியவர்கள் போர்ட் பிளேர் வந்து, கொட்டகையில் இருந்து, கடைசியில் ஜங்லிகாட் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். நானும் கச்சால்காரிதான். அப்படி ஒண்டிய பிறகுதான் எனக்கும் யோகராஜுக்கும் கல்யாணம் ஆயிற்று. அவருக்கு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலை.

இந்த ஊரில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் ஒருவரோடொருவர் பேசுவது ஹிந்தியில். ஹிந்தியில் வாளிக்குப் பேர் பால்டி. ஊரெல்லாம் பால்டி, கடையில் பால்டி, குழாயடியில் பால்டி. எங்கள் வீட்டில் மட்டும் வாளி. மாமா காதுக்கு அது பால்திய மாதிரியே இருக்கும், அதனால் அந்தச் சொல் அங்கே விழக்கூடாது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பால்டி என்று சொன்னதற்கு வாங்கிய அறையைச் சொல்லும்போது என் புருஷன் இன்றைக்கும் கன்னத்தைத் தடவிக்கொள்வார்.

சிலோனில் சண்டை முடிந்த அடுத்த வருஷம், சென்னைக் கப்பலில் கலாசியாக இருந்த ரவி ஒரு நாள் இறங்கி வந்தான். பின்னாலேயே ஒரு பெண், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. பேர் புஷ்பா, ராமநாதபுரம் பக்கம், தாய் தகப்பன் கிடையாது, ராயபுரத்தில் ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம் என்றான். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று துருவினார். அவளிடம் கேட்டதற்கெல்லாம் ரவியே பதில் சொன்னான். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ரவி உண்மையை என்னிடம் மட்டும் அடுப்படியில் வைத்துச் சொன்னான். அவள் ராமநாதபுரம் இல்லை, சிலோன். அவளுடைய அப்பா அம்மாவும் எங்களைப் போல மலைத்தோட்டத்து ஆட்கள்தான். கலவரத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறாமல் வன்னிக்கு ஓடிக் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் அங்கே பிறந்தாள். கடைசிச் சண்டையில் தாய், தகப்பன், தம்பி எல்லாரும் ஒரே பதுங்குகுழியில் போய்ச்சேர்ந்தார்கள். தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்ததால் இவள் மிச்சம். பிறகு முள்வேலி முகாம். அங்கிருந்து வெளியே வந்து, படகில் தனுஷ்கோடி. யாரிடமும் பதிந்துகொள்ளாமல் சென்னைக்குப் போய், துறைமுகத்துப் பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தாள். ரவி அங்கேதான் சாப்பிடப் போவான். அவள் யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்நிய நாட்டுக்காரர் இந்தத் தீவுகளுக்கு அனுமதி இல்லாமல் வரவே கூடாது.

"அப்பாகிட்ட இப்ப வேணாம் அண்ணி. சங்கத்துக்குக் கெட்ட பேருன்னு அவரே ஸ்டேஷனுக்குப் போயிருவாரு. மெயின்லாண்டுல ஒரு வக்கீலப் புடிச்சிருக்கேன். அகதி கேம்ப்புல பேரு பதிஞ்சிட்டா அப்பறம் பயமில்ல. அதுவரைக்கும் இவள யாரும் சிலோன்னு கண்டுபிடிக்காமப் பாத்துக்குங்க" என்றான். சரி என்றேன். அவன் கப்பலேறிப் போனான்.

அன்றைக்கே அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். ஓம் என்று சொல்லாதே, கதைக்கிறது என்று சொல்லாதே, குசினி என்று சொல்லாதே, உன் வாயிலிருந்து சிலோன் வாசனையே வரக்கூடாது. அவள் தலையாட்டினாள். எது சிலோன் எது இந்தியா என்று தெரியாமல், வீட்டில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

வாய் திறந்தது குழாயடியில். எங்கள் தெருவில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வந்துவிட்டால் அங்கே நடப்பது சண்டையா கச்சேரியா என்று சொல்ல முடியாது. அடுத்த வீட்டு ரோசலின், தூத்துக்குடிக்காரி, மீன்காரச் சின்னப்பனின் பெண்சாதி, இவளைக் கூட இழுத்துக்கொண்டாள். நாலு நாளில் புஷ்பா ஹிந்தி பிடித்துவிட்டாள். வரிசையில் புகுந்த ஒரு வங்காளியம்மாவிடம் "பால்டி ஹடாவ்", வாளியை நகர்த்து என்று அதட்டிவிட்டு வந்து, அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பஸ் கதையை அவள் கேட்டதில்லை, அவள் வந்த பிறகு கூட்டம் எதுவும் நடந்திருக்கவில்லை. பழைய எரிச்சலை எதற்குக் கிளறுவது என்று நானும் சொல்லவில்லை.

வம்பு என் மகளால் வந்தது. மூன்று வயதுக் குரங்கு. கஞ்சி வடிக்க இறக்கிவைத்திருந்த கொதிக்கும் பானைக்குள் குனிந்து எட்டிப்பார்த்தாள். புஷ்பா "எபா" என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவளைத் தூக்கினாள். சிங்களத்தில் வேண்டாம், செய்யாதே என்று அர்த்தமாம். முகாமில் வேலிப் பக்கம் போனால், வரிசையை விட்டு நகர்ந்தால், நாளெல்லாம் சிப்பாய்கள் கத்துவது அந்தச் சொல்தான். பதறினால் அவள் வாயில் அதுதான் வருகிறது. பக்கத்து அறையில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தாழ்ந்தது, மறுபடியும் உயர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நான் முட்டாள், அவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் சங்கத்தின் பெரிய மாநாடு. சண்டை ஓய்ந்த நாட்டை இனி எப்படிக் கட்டி எழுப்ப வேண்டும் என்று ஜங்லிகாட்டிலிருந்து புத்திமதி சொல்வதுதான் நோக்கம். சிரிக்காதீர்கள், எங்களுக்கும் அந்த நாட்டில் ரத்தம் போயிருக்கிறது. தீர்மானத்தை மாமாவே எழுதினார். இனத்தாலோ மொழியாலோ அந்த மண்ணில் இனி ஒருவரும் வேறுபடுத்தப்படக் கூடாது, எல்லோரும் சமம் என்று அந்த நாட்டு அரசை இம்மாநாடு கேட்டுக்கொள்கிறது. வாரம் முழுக்க குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் அதைச் சத்தமாகச் சொல்லிப் பழகினார். என் மகளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

மாநாட்டுக்கு முந்தின நாள் காலையில் செயலாளர் பெரியதம்பியும் கமிட்டி ஆட்கள் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி எத்தனை, மைக் யாருடையது என்று பேச்சு. புஷ்பா தேநீர் கொண்டுபோனாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவள் திரும்பியபோது மாமா நிற்கச் சொன்னார். எழுந்துபோய்க் குளியலறையிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் வாளியை எடுத்துவந்தார். அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இதுக்கு என்ன பேரும்மா?" என்றார். குரல் மெதுவாக, அன்பாகவே இருந்தது.

பெரியதம்பி கையில் தம்ளர் நின்றுவிட்டது. அங்கே இருந்த ஆண்கள் எல்லோருக்கும் அது என்ன கேள்வி என்று தெரியும். எனக்கும் தெரிந்தது, அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டேன். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். வாளி என்று சொல் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். அவளுடைய அம்மா சொன்னது வாளி, வன்னியில் சொன்னது வாளி, சிலோனிலிருந்து வந்த இந்த வீட்டிலும் வாளி. அதைச் சொன்னால் சிலோன்காரி என்று பிடித்துவிடுவார். இந்த ஊர்க்காரி எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். நான் நடத்திய பாடம் அதுதானே.

"பால்டி" என்றாள். தெளிவாக, நன்றாக மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி சொன்னாள்.

பால்டி இந்த ஊர்ச் சொல் என்பது அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, அவர்கள் காதில் விழுந்தது பால்திய. மாமா வாளியைக் கீழே வைத்தார். "பாத்தீங்களா, நாக்குல எவ்வளவு சுத்தமா வருது" என்று பெரியதம்பியிடம் சொன்னார். பிறகு பானையடியில் அவள் சிங்களத்தில் கத்தியது, ராமநாதபுரம் என்றவள் பேச்சில் ராமநாதபுரம் இல்லாதது, கேட்டதற்கு வாய் திறக்காதது, புஷ்பா என்ற பேர் சிங்களவர்களிடமும் உண்டு என்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வக்கீலுக்குப் படிக்க வேண்டியவர்.

பெரியதம்பி ஒரு படி மேலே போனார். மாநாட்டுக்கு முதல் நாள், தலைவர் வீட்டிலேயே ஒரு சிங்களத்தி இருக்கிறாள் என்றால் அது சும்மாவா, யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்றார். அந்த நாட்டு அரசாங்கத்துக்கு வேறு வேலை இல்லை பாருங்கள், எங்கள் குழாயடிக்கு உளவாளி அனுப்புவதற்கு. ஆனால் அங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அனுப்பும் அளவுக்கு நாம் பெரிய ஆள் என்பதில் அவர்களுக்கு உள்ளூரச் சந்தோஷம் என்றுதான் எனக்குப் பட்டது.

நான் ரத்தம் சொட்டும் விரலோடு நடுவில் போய் நின்றேன். அவள் தமிழச்சி, தோட்டத்து ஆட்கள் பெற்ற பிள்ளை, வன்னியில் குடும்பத்தையே பறிகொடுத்தவள், பயந்து மறைத்தோம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். புஷ்பாவும் அழுதுகொண்டே, "மெய்யா மாமா, நான் தமிழ்தான் மாமா" என்று அவர் காலைத் தொட்டாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். நேற்று ராமநாதபுரம், இன்றைக்கு வன்னி, நாளைக்கு எந்த ஊர் என்று கேட்டார். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும்.

அப்போது எனக்கு வந்தது ஆத்திரம்.

"அந்த பஸ்ஸில நீங்களும்தான் சுத்தமாச் சொன்னீங்க மாமா. அப்ப நீங்க யாரு?"

அங்கே இருந்த அத்தனை பேரும் இத்தனை வருஷம் அந்தக் கதையைக் கேட்டு அழுதவர்கள். ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை. மாமாவின் முகம் ஒரு நிமிடம் கழுவிவிட்டது மாதிரி ஆனது. பிறகு, சுவரோரம் நின்றிருந்த என் புருஷனைப் பார்த்து, உன் பெண்சாதியை உள்ளே கூட்டிப்போ என்றார். யோகராஜ் என் கையைப் பிடித்தார். அவரும் இந்தக் கதையில் இருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன், அதைத் தவிர அவர் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை.

பெரியதம்பி ஸ்டேஷனில் போய்ச் சொல்ல, மத்தியானத்துக்குள் போலீஸ் ஜீப் வந்தது. ரோசலின் ஜீப்புக்குக் குறுக்கே நின்று ஹிந்தியிலும் தமிழிலும் திட்டினாள். பலன் இல்லை. நான் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷனில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை, சலித்துப்போனவர். ஹிந்தியில் விஷயத்தை எனக்குப் புரியும்படி சொன்னார். இவள் திருட்டுத்தனமாக வந்தது உறுதி, இங்கே இருக்க முடியாது. ஆனால் சண்டைக்குத் தப்பி வந்த தமிழ் அகதி என்றால் மெயின்லாண்டில் முகாமுக்கு அனுப்பச் சொல்லி எழுதிப்போடுவேன், மிச்சத்தை அவள் புருஷன் அங்கே பார்த்துக்கொள்ளட்டும். சிங்களத்தி என்றால் அவளுக்குத் தப்பி வர என்ன காரணம் இருக்கிறது, நேரே அவள் நாட்டுக்கு என்று எழுதுவேன். நீங்கள் வீட்டு ஆள், நீங்கள் சொல்வதை நான் எடுத்துக்கொள்ள முடியாது. சிங்களம் தெரிந்த ஒருவர் அவளோடு பேசிப் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

அந்த ஊரில் சிங்களம் தெரிந்தவர், பேர்பெற்றவர், சங்கத் தலைவர் ஒருவர்தான். கூட்டிவந்தார்கள்.

நான் பெஞ்சில் புஷ்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் அவள் என் காதில், "வாளியெண்டு சொன்னா சிலோன் எண்டு பிடிச்சிருவார் எண்டு நினைச்சன் அக்கா. பிழையாச் சொல்லிட்டனா?" என்று கேட்டாள். இல்லை, நீ சரியாகத்தான் சொன்னாய் என்றேன். வேறு என்ன சொல்ல.

மாமா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் விழித்தாள். மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து. அவள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, "பேரா மாமா? புஷ்பா" என்றாள். அவர் நிறுத்தவில்லை. நீளமாகப் பேசிக்கொண்டே போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திட்டினாரோ, ஆசை காட்டினாரோ, அண்ணனைப் பற்றிச் சொன்னாரோ, சிங்களம் தெரிந்தவள் என்றால் முகத்தில் ஏதாவது ஒன்று அசைந்திருக்கும். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிந்தி சினிமா புதிதாகப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"எனக்கு விளங்கேல்ல மாமா. காம்ப்புல ஆமிக்காரன் கத்துறது மட்டும்தான் தெரியும். உங்கட கதைய நான் எப்பிடி விளங்கிறது? தமிழ்ல கேளுங்கோ மாமா" என்றாள். நான் வரக்கூடாது என்று தடுத்த சிலோன் வாசனை எல்லாம் அந்த ஒரு பேச்சில் வந்துவிட்டது.

மாமா பேசுவதை நிறுத்தினார். அவர் தோட்டத்தில் பிறந்தவர், காது கூர்மை, எந்தப் பேச்சு எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவருடைய கண் என் பக்கம் வந்து, நிற்காமல் போய்விட்டது. அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இதை எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, "க்யா போலி? கௌன் ஹை யே?" என்று கேட்டார். என்ன சொன்னாள், யார் இவள்.

வெளியே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெரியதம்பியும் கமிட்டி ஆட்களும் நின்றிருந்தார்கள். மறுநாள் மாநாடு. காலையில் அத்தனை பேர் முன்னால் நிரூபித்துக் காட்டியதை மத்தியானம் இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம்தான். மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"சிங்களி ஹை சாப்" என்றார்.

நான் கத்தினேன், அவர் பொய் சொல்கிறார், இவளுக்கு அந்தப் பாஷையே தெரியாது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எல்லாம் கத்தினேன். ஒரு பெண் போலீஸ் என்னை வராந்தாவுக்குத் தள்ளிப்போனாள். கதவு சாத்துவதற்கு முன் புஷ்பா மாமாவைப் பார்த்து, "என்ன சொன்னீங்க மாமா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவளுக்கு அந்த ஹிந்தியும் புரிந்திருக்கும், குழாயடியில் படித்தவள்தானே. ஆனாலும் மரியாதையாகக் கேட்டாள்.

மறுநாள் மாநாடு நன்றாக நடந்தது. நாற்காலி பற்றவில்லையாம். மாமா தீர்மானத்தைப் பார்க்காமலே சொன்னார், கைதட்டல் ஓய நேரமானது என்று என் புருஷன் வந்து சொன்னார். பஸ் கதையை மட்டும் அன்றைக்கு அவர் சொல்லவில்லையாம்.

ரவியின் கப்பல் வருவதற்குள் அவளை விமானத்தில் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் வக்கீலிடமிருந்து வாங்கிய ஒரு கட்டுக் காகிதத்தோடு படியேறி வந்தான். நடந்ததை நான் ஒன்று விடாமல் சொன்னேன். அவனிடம் மெல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவனுடைய அப்பாவும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். ரவி போய் அவர் முன்னால் நின்று, அவ தமிழ்னு உங்களுக்குத் தெரிஞ்சதா இல்லையா என்று கேட்டான். மாமா, நாட்டு விஷயத்தில் வீட்டு விஷயத்தைக் கலக்காதே என்றார். ரவி காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் கப்பல் மாதத்துக்கு இரண்டு தடவை இங்கே ஹாடோ துறையில் நிற்கும், அவன் இறங்குவதில்லை.

சென்னையில் அவளை ஒரு காப்பகத்தில் பல மாதம் வைத்திருந்தார்கள். ரவி அலைந்தான். இங்கிருந்து போன காகிதத்தில் சிங்களத்தி என்று இருந்தது, மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் பேசி உறுதி செய்தார் என்றும் இருந்தது. அதை அழிக்க எந்த வக்கீலாலும் முடியவில்லை. கடைசியில் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். அதே விமானத்தில் அனுப்பப்பட்ட இன்னொரு பெண் பிறகு ரவிக்கு போன் செய்தாள். இறங்கியதும் வரிசையில் புஷ்பாவின் முறை வந்தபோது அதிகாரிகள் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பேசினார்களாம். இவளுக்குப் பதில் வரவில்லை. தமிழில் நான் வன்னி என்றாளாம். அப்படியானால் நீ ஏன் சிங்களத்தி என்று பேர் பண்ணிக்கொண்டு வருகிறாய், யார் உன்னை அப்படி அனுப்பியது என்று கேட்டார்களாம். சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது, மாமனார் என்றா சொல்வாள். இரண்டு பேர் வந்து ஒரு வெள்ளை வண்டியில் கூட்டிப்போனதை அந்தப் பெண் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் தகவல் இல்லை. இன்றுவரை இல்லை.

நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் தமிழச்சி, தமிழச்சி என்று நான் ஊரெல்லாம் கத்தினேனே, அதை நினைத்தாலே இப்போது எனக்கு வாய் கசக்கிறது. சிங்களத்தியாகவே இருந்திருந்தால்தான் என்ன? என் பிள்ளை கொதிபானையில் விழாமல் பிடித்தவள் எந்தப் பாஷையில் கத்தினால் எனக்கென்ன?

மாமா இப்போதும் தலைவர்தான். இப்போதும் நான்தான் அவருக்குச் சோறு போடுகிறேன், வேறு யார் போடுவார்கள். ரவி போனில் அந்தச் செய்தியைச் சொன்ன மறுநாள் மத்தியானம் தட்டு வைத்து, மீன் குழம்பு ஊற்றினேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தலையைத் தூக்காமல், "அந்தப் பிள்ளைகிட்டருந்து ஏதாச்சும் சேதி உண்டா?" என்று கேட்டார்.

"எந்தப் பிள்ளை மாமா? இங்கருந்து அனுப்புனீங்களே, அந்தச் சிங்களப் பிள்ளையா? இல்ல அங்க எறங்குனதும் புடிச்சிட்டுப் போனாங்களே, அந்தத் தமிழ்ப் பிள்ளையா?"

பிசைந்த சோற்றில் கை அப்படியே இருந்தது. நான் அங்கேயே நின்றேன். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை, எழுந்திருங்கள் என்றும் சொல்லவில்லை. கடைசியில், அடங்கிய குரலில் கொஞ்சம் மோர் இருக்கிறதா என்று கேட்டார். அடுப்படியில் ஒரு சட்டி நிறைய மோர் இருந்தது. இல்லை என்று சொன்னேன்.